வசைச்சொல்லை ஏட்டின் தலைப்பாக்கியவர்: இரட்டைமலை சீனிவாசனும் பெயரிடும் உரிமையும்

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை நீளும் தொழிற்பட்டையில் ஓர் இளைஞர் தம்மை எப்படியெல்லாம் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்போம். வருவாய்த் துறை வழங்கிய சான்றிதழில் அவர் ஆதி திராவிடர். ஊர்க்காரர்களின் பேச்சில் அவர் காலனிக்காரர். ஆலையின் அடையாள அட்டையில் பயிற்சியாளர் அல்லது ஒப்பந்தத் தொழிலாளி. வாடகைக்கு அறை தேடிச் செல்லும்போது, சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று வீட்டுக்காரர் கேட்கையில், பெயரற்றவராக இருந்துவிடவே அவர் விரும்புகிறார். இந்தப் பெயர்களில் எதையும் அவராகத் தேர்ந்தெடுக்கவில்லை.

இந்த மண் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. அதே மாவட்டத்தின் மதுராந்தகம் வட்டாரத்தில் உள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு பிறந்த ஒருவர், நம்மை நாம் எப்பெயரால் அழைத்துக்கொள்வது என்ற கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தார். அவர் இரட்டைமலை சீனிவாசன். இன்று அவருடைய பெயர் சிலைகளிலும் அஞ்சல் தலையிலும் இருக்கிறது. அவர் எடுத்த முடிவின் துணிவோ போதிய அளவு பேசப்படுவதில்லை.

சீனிவாசன் கோயம்புத்தூரில் கல்வி கற்றார். ஏறத்தாழ நானூறு மாணவர் பயின்ற கல்லூரியில் பெரும்பான்மையினர் பிராமணர். ஏனையோர் பத்துப் பேரளவே. தம் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் உடன் பயின்றோருடன் நெருங்காமல் ஒதுங்கியே இருந்ததை அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். அந்த மாணவரின் அச்சத்தையும் இன்று வாடகை அறை தேடும் தொழிலாளியின் தயக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இடைப்பட்ட நூற்றாண்டுக்கும் மேலான காலம் குறுகிவிடுவது போலத் தோன்றுகிறது.

பின்னர் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றிய அவர், 1890இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டு பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கங்களும் இரண்டணா விலையும் கொண்ட அந்த ஏடு முதலில் மாத இதழாக வந்து, சில மாதங்களிலேயே வார இதழாயிற்று. சொந்த அச்சகமும் அமைந்தது. ஏழாண்டுக் காலம் அது நின்று நிலைத்தது.

அந்தத் தலைப்பின் கனத்தை இன்று நாம் முயன்றுதான் உணர வேண்டியிருக்கிறது. அச்சொல் தமிழ்நாட்டின் தெருக்களில் வசையாகப் புழங்கியது. கடல் கடந்து ஆங்கிலத்திலும் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் நுழைந்துவிட்டிருந்தது. அதையே ஏட்டின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கடைத்தெருவில் விற்பனைக்கு வைத்தார் சீனிவாசன். தன்னை மறைத்துக்கொள்ளும் வரை ஒரு மக்கள் கூட்டம் உரிமை கேட்க முடியாது என்பது அவருடைய வாதம். கேட்பவர் யார் என்று சொல்லாமல் எழுப்பும் கோரிக்கைக்கு முகவரி இராது என்று அவர் கருதினார்.

இதற்கு நேர் எதிரான விடையொன்று அவர் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. அவருடைய தங்கை தனலட்சுமியை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். பறையர் என்ற பெயரே பகைவர் சுமத்தியது, அதை ஏற்பது இழிவை ஏற்பதாகும் என்பது பண்டிதரின் நிலைப்பாடு. இவர்கள் பௌத்த மரபினர், பூர்வத் தமிழர் என்று அவர் வரலாற்றை மீட்டெழுதினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, தம் மக்கள் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டுமென இயக்கம் நடத்தினார். ஒரே குடும்பத்தில் உறவு பூண்டிருந்த இருவரில் ஒருவர் ஏசப்பட்ட பெயரைக் கைப்பற்றினார். மற்றவர் அதனை மறுத்து வேறொன்றைக் கண்டெடுத்தார்.

மூன்றாவது வழியைத் தேர்ந்தவர் எம்.சி. ராஜா. 1922 ஜனவரியில் சென்னை சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, தமிழ் வழங்கும் பகுதிகளில் ஆதி திராவிடர் என்றும் தெலுங்கு வழங்கும் பகுதிகளில் ஆதி ஆந்திரர் என்றும் குறிக்க அரசாணை பிறந்தது. இன்று நம் சான்றிதழில் உள்ள சொல்லுக்கு அதுவே வேர்.

இம்மூவருள் யார் சரி என்று தீர்ப்பெழுதுவது நம் நோக்கமன்று. மூவரும் வெவ்வேறு அதிகாரத்தை எதிர்கொண்டார்கள். பண்டிதர் வரலாற்றை எழுதுவோரிடம் பேசினார். ராஜா அரசின் கோப்புகளிடம் பேசினார். சீனிவாசன் தெருவிடம் பேசினார். மூவரிடமும் பொதுவாக இருந்தது ஒன்றே: பெயரைத் தீர்மானிக்கும் உரிமை பெயர் தாங்குவோருக்கே உரியது.

சீனிவாசன் பெயரோடு நின்றுவிடவில்லை. எண்ணிக்கையின் வலிமையை அவர் அறிந்திருந்தார். இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்ற காங்கிரசின் கோரிக்கையை அவர் எதிர்த்தார். அப்படி நடந்தால் ஆதிக்க சாதியினரே அதிகாரிகளாக வந்து ஒடுக்குவர் என்பது அவர் அச்சம். 3,412 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். ஏட்டில் வெளியான ஒரு கடிதத்துக்காக நீதிமன்றம் 100 ரூபாய் தண்டம் விதித்தபோதும் ஏடு தளரவில்லை.

அவர் எழுதிய அதே ஆண்டுகளில்தான் செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலத்தின் கதையும் திரும்பியது. மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர், பறையர்களின் நிலமற்ற வாழ்வைப் பற்றி அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. அந்த நிலங்களையே பஞ்சமி நிலம் என்கிறோம். பஞ்சமர் என்ற சொல் 1922இல் கோப்பிலிருந்து நீங்கிற்று. நிலமோ அதே பெயரைச் சுமந்தபடி பிறர் கைக்குப் போயிற்று. அதை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர். பெயர் மாறினால் மட்டும் உடைமை திரும்பிவிடாது என்பதற்கு இம்மாவட்டமே சான்று.

1900இல் இங்கிலாந்து செல்லும் எண்ணத்துடன் கப்பலேறிய சீனிவாசன், ஆப்பிரிக்காவிலேயே இருபதாண்டுகளைக் கழித்தார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். தாயகம் திரும்பி 1923இல் சென்னை சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் எவரும் நுழையத் தடையில்லை என்பதை உறுதிசெய்யும் தீர்மானத்தை 1924இல் அவர் கொண்டுவந்தார். அது அரசாணையாக வெளிவந்தது. சாலையில் நடப்பதற்கே ஆணை வேண்டியிருந்த காலம் அது.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதியாகச் சென்றார். அங்கு அவர் தீண்டப்படாதவர் என்று குறிக்கும் அட்டையை உடையில் அணிந்து சென்றதாகச் சொல்லப்படுகிறது. அரசருக்கு முன்னும் அப்பெயரை மறைக்க அவர் விரும்பவில்லை. அதே 1930இல்தான், நீக்ரோ என்ற சொல்லின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டுமென்று டு போய்ஸ் உள்ளிட்டோர் நெடுங்காலம் எழுப்பிய கோரிக்கையை நியூயார்க் டைம்ஸ் நாளேடு ஏற்றது. அச்சொல்லையும் பிற்கால அமெரிக்கக் கறுப்பின மக்கள் கைவிட்டு, வேறு பெயர்களைத் தேர்ந்தனர். ஒரு தலைமுறை வென்றெடுத்த பெயரை அடுத்த தலைமுறை கழற்றி வைப்பது வரலாற்றில் இயல்பு.

நம்மிடத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. காந்தி பரப்பிய ஹரிஜன் என்ற சொல்லைச் சட்டத்தில் நுழைத்ததை எதிர்த்து 1938இல் பம்பாய் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளியேறினர். 1970களில் மராட்டியத்தில் தலித் சிறுத்தைகள் எழுச்சியோடு தலித் என்ற சொல் பரவிற்று. 2018இல் அச்சொல்லைத் தவிர்க்குமாறு ஒன்றிய அரசு ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது. தமிழ்நாட்டில் ஏழு சாதிகள் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரை 2021இல் சட்டத்தின் வழி பெற்றன. 2025 ஏப்ரலில், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இந்தத் தொழிற்பட்டையிலேயே பெயருக்கான ஒரு போராட்டத்தை அண்மையில் கண்டோம். சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தொழிற்சங்கப் பதிவே முதன்மைக் கோரிக்கை. சங்கத்தின் பெயரில் தன் பெயர் இடம்பெறக் கூடாதென்று நிறுவனம் எதிர்த்தது. 2025 ஜனவரியில் சாம்சங் என்ற சொல்லுடனேயே சங்கம் பதிவாயிற்று. அது சாதிப் போராட்டம் அன்று. ஆயினும், தாம் யார் என்பதைத் தம் சொல்லில் எழுதிக்கொள்ளும் உரிமைக்கு அதிகாரம் எப்போதும் விலை கேட்கிறது என்பதை அது மீண்டும் காட்டிற்று.

இப்போது நம்முன் நிற்பது சாதிவாரி விவரத்தையும் திரட்டவுள்ள, 2027ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் பல. அவற்றுள் ஆதி திராவிடர், பறையன் ஆகியவை தனித்தனிப் பதிவுகள். ஒரே தெருவில் உறவினராக வாழ்வோர் வெவ்வேறு பெயர்களில் எண்ணப்படக்கூடும். அட்டவணையில் இல்லாத பெயரைச் சொன்னால் எண்ணிக்கை சிதறவும் கூடும். தாம் இந்து மதத்துக்குள் அடங்கியவர் அல்லர் என்று சீனிவாசன் கருதினார். ஆனால் 1950ஆம் ஆண்டின் ஆணை இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோரையே பட்டியலில் ஏற்கிறது. கிறித்தவத் தலித்துகள் இன்றும் வெளியே நிற்கின்றனர்.

ஆகவே இரண்டு வேலைகளை நாம் பிரித்தறிய வேண்டும். சட்டப் பட்டியலில் உள்ள பெயர் நிலத்தையும் கல்வியையும் வேலையையும் கேட்பதற்கான கருவி. அதைக் கணக்கெடுப்பாளரிடம் பிழையின்றிப் பதிவு செய்வது நம் கடமை. நம்முள் நாம் சூடிக்கொள்ளும் பெயரோ நம் விருப்பம். அதில் பலர் பலவாறு முடிவெடுப்பதைப் பிளவென்று கருதத் தேவையில்லை. 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்த சீனிவாசனும் இவ்விரண்டையும் செய்தவர்தாம். தம் ஏட்டுக்குத் தாம் தேர்ந்த பெயரை வைத்த அவர், மாநாட்டில் அரசு வழங்கிய பெயரால் அமர்ந்து உரிமை கேட்டார். ஒரகடத்தில் வாடகை அறை தேடும் இளைஞர் பெயரை மறைக்காமல் கதவைத் தட்டும் நிலையை உருவாக்குவது, அவர் தொடங்கிய வேலையில் நம் கையில் எஞ்சியிருக்கும் பங்கு.