பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்

இளம்பருவத்தே பள்ளிப் பாடப்புத்தகத்தில் யாம் கண்ட படம் ஒன்றுண்டு. நள்ளிரவு, நெடியதோர் கூடம், இருமருங்கும் புண்பட்ட போர்வீரர் கிடக்கின்றனர், இடையே கையில் விளக்கேந்தி ஒரு பெண்மணி நடந்து வருகின்றார். அப்படத்திற்கு அப்பால் அவ்வம்மையாரைப்பற்றி யாம் அறிந்தது மிகச் சிறிதே. நம்மிற் பலர் நிலையும் அதுவாகலாம். ஆயின், அவர்தம் தொண்ணூறாண்டு வாழ்க்கையில் அவ்விளக்கு எரிந்த காலம் இரண்டாண்டிற்கும் குறைவே. எஞ்சிய காலத்தை அவர் எண்களோடும், சாக்கடைகளோடும், மந்திரிமாரோடும் போராடிக் கழித்தார். அப்போராட்டத்தையே ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்கக் கருதினோம்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரில் ஆங்கிலச் செல்வக் குடியொன்றிற் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே பிள்ளைக்கும் பெயராயிற்று. தந்தையார் தாமே ஆசிரியராயிருந்து கிரேக்கம், இலத்தீன், சரித்திரம், தத்துவம் ஆகியவற்றை மகளிர் இருவருக்கும் கற்பித்தார். இளையவராகிய நம் அம்மையாருக்குக் கணிதத்தில் பெருவேட்கை. 1837-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், பதினாறு பிராயம் நிரம்பிய அவர், கடவுள் தம்மைத் தம் தொண்டிற்கு அழைத்தார் என்று உள்ளத்தே உணர்ந்தார். அத்தொண்டு யாது என்பது மட்டும் பல்லாண்டுகாறும் விளங்காதிருந்தது.

1845-ஆம் ஆண்டில், சால்ஸ்பரி நகர மருத்துவமனையிற் சில திங்கள் தங்கி நோயாளரைப் பேணும் முறையைக் கற்க விரும்புவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார். வீடே அல்லோலகல்லோலப்பட்டது. பெற்றோரைச் செல்வச் செருக்கினர் என்று எளிதிற் பழித்துவிடுதல் நேரிதன்று. அந்நாளில் ஆஸ்பத்திரி என்பது போக்கிடமில்லாத ஏழைகள் சென்று கிடக்கும் இடம். பொருளுடையார் தம் இல்லத்திலேயே மருத்துவம் பெற்றனர். தாதியராய் இருந்தோருட் பலர் எழுத்தறியாதவர்; குடிப்பழக்கமுடையார் என்ற அவப்பெயரும் அவர்க்கிருந்தது. அத்தகைய இடத்திற்கு எத்தாய்தான் தன் மகளை மனமுவந்து அனுப்புவாள்? மகளோ மணத்தையும் மறுத்தார், காத்திருந்தார். விடியற்காலத்தில் எழுந்து, மருத்துவமனை அறிக்கைகளையும் கணக்குகளையும் மறைவிற் படித்துக் குறிப்பெடுத்தார். 1851-இல் ஜெர்மனி நாட்டில் ரைன் நதிக்கரையிலுள்ள கெய்சர்ஸ்வெர்த் என்னுமிடத்தில், பிளிட்னர் போதகர் நிறுவிய திருத்தொண்டியர் இல்லத்தில் மூன்று திங்கள் பயின்றார். 1853-இல் இலண்டனில் நோயுற்ற சீமாட்டிகளுக்கான சிறு விடுதியொன்றின் தலைமை அவருக்குக் கிடைத்தது. சென்றதும் அவர் கேட்டவை வெந்நீர்க் குழாய், உணவை மேல்மாடிக்கு ஏற்றும் பொறி, நோயாளர் அழைத்தற்கு மணி ஆகியன. தாதி மாடிப்படியில் ஏறியிறங்கிச் செலவிடும் நேரமெல்லாம் நோயாளி இழக்கும் நேரம் என்று அவர் கணக்கிட்டது போலும்.

1854-இல் இங்கிலாந்து கிரைமியாப் போரில் இறங்கிற்று. புண்பட்ட ஆங்கில வீரர் கவனிப்பாரற்றுக் கிடப்பதைப் பத்திரிகை வாயிலாக அறிந்த மக்கள் கொதித்தெழுந்தனர். யுத்த மந்திரி சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரை வேண்ட, அவர் 38 தாதியரோடு புறப்பட்டு நவம்பர் 4-ஆம் நாள் ஸ்கூட்டாரி சேர்ந்தார். அது கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் உள்ளது. ஆங்கொரு பெரிய படைவீட்டையே மருத்துவமனையாக்கியிருந்தனர். உடுக்கை இல்லை, துடைக்கத் துணியில்லை, பாத்திரமில்லை. பண்டசாலையிற் பொருளிருந்தாலும், இன்னார் கையெழுத்தின்றி எடுத்துக் கொடுத்தலாகாது என்று விதியிருந்தது. அம்மையார் தம்மிடமிருந்த நன்கொடைப் பணத்தைக்கொண்டு சட்டையும் சவுக்காரமும் வாங்கினார், சமையற்கூடம் அமைத்தார், துணி வெளுக்க வீடொன்றை வாடகைக்கு அமர்த்தினார். இரவில் விளக்கோடு கூடங்களைச் சுற்றி வந்தார். வீரர் அவரைத் தாயெனப் போற்றினர்.

ஆயினும் வீரர் மாண்டுகொண்டேயிருந்தனர். 1855 பிப்ரவரித் திங்களில் ஸ்கூட்டாரியிற் சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் இறந்தனர். காயத்தால் மாண்டாரினும் வாந்திபேதி, சீதபேதி, விஷசுரம் ஆகிய நோய்களால் மாண்டார் பன்மடங்கினர். மார்ச்சு மாதம் இங்கிலாந்தினின்று சுகாதார ஆய்வுக்குழு ஒன்று வந்தது. அக்கட்டடத்தின் அடியிலேயே அடைபட்ட சாக்கடைகள் தேங்கி நாறுவதைக் கண்டனர். அவற்றைக் கழுவித் திறந்தனர். குப்பையை வண்டி வண்டியாக அகற்றினர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். காற்றோட்டத்திற்கு வழி செய்தனர். ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு இரண்டளவாக இறங்கிற்று.

போர் முடிந்து 1856-இல் அம்மையார் தாயகம் திரும்பினார். ஊரார் வரவேற்பை விரும்பாது, வேறு பெயரோடு பயணம் செய்து, ஒருவரும் அறியாமல் வீடு புகுந்தார். 1857-இல் அமைந்த அரச விசாரணைக் குழுவிற்காக வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞரோடு இருந்து இறப்புக் கணக்குகளை ஆராயத் தொடங்கினார். அதுகாறும், உணவும் உடையும் இன்றி, மிகவும் நலிந்த பின்னரே வீரர் தம்மிடம் கொணரப்பட்டமையால் இறந்தனர் என்றே அவர் கருதியிருந்தார். எண்கள் வேறு கூறின. போர்முனைக்கு அண்மையிலிருந்த சிறு ஆஸ்பத்திரிகளினும், தாம் பணிபுரிந்த ஸ்கூட்டாரியிலேயே சாவு மிகுதி. தாம் இரவும் பகலும் கண்விழித்துக் காத்த அக்கூடமே அவர்களைக் கொன்றது!

இவ்விடத்தைப் படித்தபோது யாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தோம். உலகம் முழுதும் தம்மைப் புகழ்ந்துகொண்டிருக்கையில், அப்புகழின் அடியிலே சாக்கடை ஓடிற்று என்பதைத் தம் கையாலேயே கணக்கிட்டுக் காணுதல் எத்துணைக் கொடிது! அவர் உடல்நலம் அவ்வாண்டே முற்றும் சிதைந்தது. பின்னர் நெடுங்காலம் பெரும்பாலும் படுக்கையிலிருந்தே பணிசெய்தார். ஆனால் அவ்வெண்களை அவர் விழுங்கிவிடவில்லை. 1858-இல் அச்சிட்ட பேரறிக்கையில் ஸ்கூட்டாரியின் இறப்புக் கணக்கையும் சேர்த்தே எழுதினார். மாதந்தோறும் நேர்ந்த சாவுகளை வட்டப் படமாக வரைந்து, தடுத்திருக்கக்கூடிய நோயால் மாண்டாரை நீலத்தாலும், காயத்தால் மாண்டாரைச் சிவப்பாலும் காட்டினார். நீலம் படத்தையே நிறைத்து நின்றது. எண்ணைப் படியாத மந்திரிமாரும் படத்தைப் பார்த்தனர். அவ்வாண்டே புள்ளிவிவரச் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அச்சங்கத்திற் பெண்ணொருவர் இடம்பெற்றது அதுவே முதன்முறை.

1859-இல் மருத்துவமனைகளைப்பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருத்தலே மருத்துவமனையின் முதற்கடமை என்னும் கருத்தோடு அது தொடங்குகிறது. எளியதோர் உண்மை போலத் தோன்றினும், ஸ்கூட்டாரியை அறிந்தார்க்கு அதன் கனம் தெரியும். சிறகு சிறகாகப் பிரிந்து நிற்கும் கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் முப்பது கட்டிலளவான கூடம், எதிரெதிரே பலகணிகள், அழுக்கை உறிஞ்சாத சுவரும் தரையும், கூடம் முழுவதையும் நோக்கும்படி தலைமைத் தாதியின் அறை என இவ்வாறெல்லாம் அவர் வகுத்தார். 1871-இல் தேம்ஸ் நதிக்கரையில் பார்லிமெண்டு மாளிகைக்கு எதிரே எழுந்த புனித தோமா மருத்துவமனை இம்முறையில் அமைந்ததே. எத்தனை பேர் வந்தனர், எந்நோயால், எத்தனை நாள் கிடந்தனர், பிழைத்தவர் எத்துணையர் என்பதை எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரேமுறையிற் குறிக்கவேண்டும் என்றும் படிவம் வகுத்தார். 1860-இல் இலண்டனிற் கூடிய சர்வதேசப் புள்ளிவிவர மாநாடு அதனை ஏற்றது. எனினும் அஃது அந்நாளில் நிலைபெறவில்லை.

நோயாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்போன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என வள்ளுவர் வகுத்திருத்தலைத் தமிழ் மாணவர் அறிவர். அந்நான்காம் கூற்றினை ஆங்கில நாட்டிற் செப்பஞ்செய்தவர் அம்மையார். மக்கள் அவர் பெயரால் திரட்டிய 44,000 பவுனுக்கு மேற்பட்ட நிதியைக் கொண்டு 1860-இல் புனித தோமா மருத்துவமனையிற் செவிலியர் பயிற்சிப்பள்ளி தொடங்கினார். தாதியர் தலைவியும் பயிற்சி பெற்ற பெண்ணாகவே இருத்தல்வேண்டும் என்பது அவர் கொள்கை.

அடுத்து அவர் நோக்கு ஏழையர் விடுதிகளின்மேற் சென்றது. ஆங்கு நோயுற்ற ஏழையைப் பேணியவர் மற்றோர் ஏழையே. 1865-இல் ஆக்னஸ் ஜோன்ஸ் என்னும் மாணவியாரும் பன்னிரண்டு செவிலியரும் லிவர்பூல் நகர ஏழையர் விடுதி மருத்துவமனைக்குச் சென்றனர். மூன்றாண்டுக்குள் டைபஸ் காய்ச்சல் ஜோன்ஸ் அம்மையாரைக் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 35. நோயுற்ற ஏழை, ஏழை என்பதற்காகத் தண்டிக்கத்தக்கவனல்லன். அவனுக்குத் தனி மருத்துவமனையும் பொது வரியினின்று பணமும் வேண்டும் என நைட்டிங்கேல் அம்மையார் வாதாடினார். 1867-இல் இலண்டன் நகருக்கு இயற்றிய சட்டம் அவர் வேண்டியதில் ஒருபகுதியைத்தான் கொடுத்தது.

அவர்தம் நேர்மைக்கு மற்றுமொரு சான்று உண்டு. 1861-இல் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவச்சிகளைப் பயிற்றுதற்குப் பிரசவக் கூடமொன்றை அவர் நிதியே நடத்திற்று. பிள்ளைபெற வந்த தாய்மார் சன்னியால் இறப்பது மிகுதியாகவே, அக்கூடத்தை மூடிவிட்டார். மூடியதோடமையாது, பல ஊர்க் கணக்குகளையும் திரட்டி, பிரசவ ஆஸ்பத்திரியினும் சொந்த வீடே அந்நாளில் தாய்க்குப் பாதுகாப்பானது என்று 1871-இல் நூலெழுதி வெளியிட்டார்.

இந்தியாவிற்கு அவர் ஒருகாலும் வந்ததிலர். எனினும் இங்கிருந்த படைகளின் சுகாதாரத்தை ஆராய்ந்த அரசக் குழுவிற்காக ஒவ்வொரு பாசறைக்கும் வினாத்தாள் அனுப்பி விடை பெற்றார். ஆயிரவருள் ஆண்டுதோறும் 69 பேர் மாண்டமை 1863-இல் வெளியாயிற்று. அதன் பயனாக மறு ஆண்டே சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் எழுந்தன. பின்னர், கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனோடு கடிதப் போக்குவரத்து வைத்து, பஞ்சத்திற்கு நீர்ப்பாசனமே மருந்து என்று எழுதிவந்தார்.

குறைகளும் அவர்பால் இருந்தன. நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்பதை நெடுங்காலம் மறுத்தார். தீநாற்றக் காற்றே காரணம் என்று நம்பினார். சாக்கடையைக் கழுவியதால் நோய் தணிந்தது மெய். காரணம் அவர் கருதியதன்று. செவிலியரைத் தேர்வு வைத்து அரசாங்கம் பதிவு செய்தலையும் எதிர்த்தார். நற்குணத்தைத் தேர்வு அளவாது என்பது அவர் வாதம். தேர்வெழுதும் மாணவராகிய யாம் இதனை முற்றும் மறுக்கத் துணியோம்.

2020-ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோயின்போது இலண்டனில் விரைந்து எழுப்பிய மாபெரும் தற்காலிக மருத்துவமனைக்கு அவர் பெயரையே இட்டனர். கட்டில்கள் வரிசை வரிசையாயிருந்தன. ஆனால் தொடக்கத் திங்களில் ஆங்குச் சிகிச்சை பெற்றோர் மிகச் சிலரே. பயிற்சி பெற்ற செவிலியர் போதாமை அதற்கொரு காரணமாயிற்று.

அம்மையார் 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் இலண்டனிலுள்ள தம் இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கஞ்செய்ய அரசு முன்வந்தும் உறவினர் ஒப்பவில்லை. ஹாம்ப்ஷயர் நாட்டுப்புறத்திலே, ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூர்க் கோயில் முற்றத்தில், பெற்றோர் அருகே அவரை அடக்கினர். கல்லில் அவர் பெயரின் முதலெழுத்து இரண்டும், பிறப்பு இறப்புக் குறிப்புகளுமே உள்ளன.