பல்லும் கண்ணாடியும் பறித்த பதவி

படைச் செலவு பெருகினால் ஏழையின் மருந்துப் புட்டி சிறுக்குமா? பீரங்கியா, வெண்ணெயா என்று பொருளியல் வகுப்பில் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்து இதனை விளக்குவார்கள். அந்த வளைகோட்டைவிட ஒரு மனிதரின் வாழ்க்கையே எனக்கு இதனை நன்கு விளங்க வைத்தது. அவர் பிரிட்டனின் அமைச்சராயிருந்த அனைரின் பெவன்.

1897-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் ட்ரெடீகர் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. பதின்மூன்று வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. மகனும் சுரங்கத்தில் இறங்கினார். போதாக்குறைக்குத் திக்குவாய். பின்னாளில் சர்ச்சிலோடு சொற்போர் நிகழ்த்தி அவையை அதிரவைத்த நா இதுதான் என்றால் வியப்பாக இல்லையா? 1925-இல் தந்தை நெஞ்சில் நிலக்கரித் தூசு படிந்து மாண்டார். இழப்பீடாக ஒரு செப்புக்காசும் கிடைக்கவில்லை.

ட்ரெடீகரில் தொழிலாளர்கள் தம் கூலியில் ஒரு சிறு பங்கைச் சேர்த்து, மருத்துவரும் மருந்தும் மருத்துவமனையும் தாமே ஏற்படுத்திக் கொண்டிருந்தனர். அந்த மருத்துவமனைக் குழுவில் பெவனும் பணியாற்றினார். 1929-இல் எப்பு வேல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் புகுந்த அவரை, 1945-இல் பிரதமர் அட்லி நலவாழ்வு அமைச்சராக்கினார். போரால் கடனாளியாகிப் பங்கீட்டு அட்டையில் வாழ்ந்து கொண்டிருந்தது நாடு. மருத்துவர் சங்கமோ கடுமையாக எதிர்த்தது. ஆயினும் 1948 ஜூலை 5-ஆம் நாள் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியது. மருத்துவர், மருந்து, பல்செட்டு, மூக்குக் கண்ணாடி எல்லாம் இலவசம். அந்தச் சிற்றூரின் ஏற்பாடு ஒரு நாட்டுக்கே உரியதாயிற்று.

1949-இல் நேட்டோ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1950 ஜூனில் கொரியாவில் போர் மூண்டது. அமெரிக்காவின் வற்புறுத்தலும் சேர, பிரிட்டன் மூன்றாண்டுகளுக்கு 360 கோடி பவுன் என்று வகுத்த படைத் திட்டத்தை 1951 ஜனவரியில் 470 கோடியாக உயர்த்தியது. பெவன் படையே வேண்டாம் என்றவர் அல்லர். நேட்டோவை ஏற்றவர், அந்த 470 கோடித் திட்டத்தை அவையில் ஆதரித்தும் பேசியவர். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையன்று. மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் விதிக்கும் அதிகாரத்துக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் கொடுத்ததும் அவர்தான். கட்டணம் வராமல் காத்ததும் அவரே.

1951 ஏப்ரல் 10. நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தார். பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் ஆகும் செலவில் பாதியை இனி நோயாளியே தரவேண்டும் என்றார். அவ்வாண்டில் மிச்சமாகும் தொகை 1 கோடியே 30 லட்சம் பவுன். 470 கோடியின் முன் இது எம்மாத்திரம்? இவ்வளவு சிறிய தொகைக்கு நோயாளியிடம் ஏன் கை நீட்டுகிறீர்கள் என்று பெவன் கேட்கலாம். இவ்வளவு சிறிய தொகைக்கா பதவியைத் துறப்பது என்று கெய்ட்ஸ்கெல்லும் கேட்கலாம். பன்னிரண்டு நாள் கழித்துப் பெவன் விலகினார். ஹெரால்டு வில்சனும் ஜான் ஃப்ரீமனும் உடன் விலகினர். தம்மினும் இளையவர் நிதியமைச்சரானதில் அவருக்கு மனக்கசப்பு உண்டு என்பார்கள், இருக்கட்டும். மறுநாள் அவையில் அவர் பேசிய பேச்சில் சினம் மிகுந்து நண்பர்களே முகம் சுளித்தார்கள். ஆனால் அவர் கணக்கு தவறவில்லை. மூலப்பொருளும் எந்திரங்களும் கிடைக்காதபோது அத்தனை பணத்தைச் செலவிடவே இயலாது, விலைவாசிதான் ஏறும் என்றார். அதே ஆண்டு அக்டோபரில் வென்று ஆட்சிக்கு வந்த சர்ச்சில், அந்தத் திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிக்க இயலாதென்று ஒப்புக்கொண்டு, அதை நீட்டிப் போட்டார்.

ஆயுதத் திட்டம் தளர்ந்தது, கட்டணம் தளரவில்லை. 1952-இல் மருந்துச் சீட்டுக்கும் ஒரு ஷில்லிங் விதித்தார்கள். பெவனின் வாழ்வில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். படைக்காக என்று சொல்லித் திறந்த கதவு, படைக்கான தேவை தணிந்த பின்னும் மூடவில்லை.

1957-இல் பிரிட்டன் தானாக முன்வந்து அணுகுண்டைக் கைவிடக் கூடாது என்று வாதாடித் தம் தொண்டர்களையே திகைக்க வைத்தார். 1960 ஜூலை 6-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார்.

அவருடன் விலகிய வில்சன், பிரதமராகி 1965-இல் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை ஒழித்தார். நாணய மதிப்பு வீழ்ந்த பின், 1968-இல் அவரே அதை மீண்டும் கொணர்ந்தார். அதே ஆண்டு ஜனவரியில்தான் சூயசுக்குக் கிழக்கேயுள்ள படைத்தளங்களை விட்டு வெளியேறுவதை விரைவுபடுத்தும் முடிவையும் அவர் அறிவித்தார். பீரங்கியும் குறைந்தது, வெண்ணெயும் குறைந்தது! எங்கள் வகுப்பின் வளைகோட்டில் இதற்கு இடமில்லை.

இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக் கட்டணம் இன்றும் உண்டு. பெவன் பிறந்த வேல்ஸில் 2007-இல் அதை எடுத்துவிட்டார்கள்.