நாடு கடத்தப்பட்ட விருந்தாளி: ஒராபி பாஷாவும் கொழும்பு மக்களும்

1883 ஜனவரியில் மரியோட்டிஸ் என்ற கப்பல் கொழும்புத் துறைமுகத்தை வந்தடைந்தது. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட ஏழு தலைவர்கள் தமது குடும்பத்தாருடன் அதில் வந்திருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் அஹ்மத் ஒராபி பாஷா.

1841இல் எகிப்தின் ஷர்கிய்யா மாகாணத்துக் கிராமமொன்றில் பிறந்த அன்னார், அல்அஸ்ஹரில் கற்று, இளவயதிலேயே இராணுவத்தில் உயர் பதவியை எட்டினார். அந்நியத் தலையீட்டுக்கு எதிரான எழுச்சிக்குத் தலைமை தாங்கி, 1882இல் யுத்த அமைச்சரானார். அவ்வாண்டு ஜூலையில் பிரித்தானியர் அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தனர். செப்டெம்பரில் தல் அல்கபீர் போரில் ஒராபி தோல்வியடைந்தார். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை, இலங்கைக்கு நாடு கடத்தும் தண்டனையாக மாற்றப்பட்டது.

இலங்கையை ஆண்டவர்களும் அதே பிரித்தானியர்தான். அவர்களது பார்வையில் அவர் தோற்றுப்போன கிளர்ச்சிக்காரர். கொழும்பு முஸ்லிம்களோ அவரை ஒரு தலைவருக்குரிய மரியாதையுடன் வரவேற்றார்கள். ஆட்சியாளரின் எதிரியோடு நெருங்கிப் பழகுவது அன்றைய வணிகர்களுக்கும் உத்தியோகத்தர்களுக்கும் தயக்கம் தரக்கூடிய காரியம். ஆயினும் அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை.

அந்த அன்புக்கு ஒராபி கைம்மாறு செய்தார். ஆங்கிலக் கல்வி பிள்ளைகளின் மார்க்கத்தைப் பறித்துவிடும் என்று பெற்றோர் அஞ்சிய காலம் அது. முஸ்லிம் நேசன் பத்திரிகையை நடத்திய சித்திலெப்பை, மார்க்கக் கல்வியோடு நவீன கல்வியையும் தரும் பாடசாலைகள் வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தார். ஒராபி அவருக்குத் துணை நின்றார். அல்அஸ்ஹரில் ஓதியவரே நவீன கல்வி அவசியம் என்று சொன்னபோது சமூகம் காதுகொடுத்தது. 1884இல் புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலை உருவானது. 1892இல் வாப்பிச்சி மரிக்கார் முதலானோரின் உழைப்பில், ஒராபியின் ஆதரவோடு மருதானையில் எழுந்த மத்ரஸாவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி.

அதே ஆண்டு அவர் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டே தோழர் அப்துல் ஆல் ஹில்மி கொழும்பில் மரணித்திருந்தார். பின்னர் மஹ்மூத் ஃபஹ்மியும் யஃகூப் ஸாமியும் கண்டியில் காலமானார்கள். கவிஞர் மஹ்மூத் ஸாமி அல்பாரூதி பார்வை மங்கிய நிலையில் 1899இல் தாயகம் திரும்பினார். 18 ஆண்டுகளுக்கு மேல் இங்கு வாழ்ந்த ஒராபி, 1901இல் மன்னிப்புப் பெற்று எகிப்து சென்றார். 1911இல் வபாத்தானார்.

அவர் போன பிறகும் அந்த உறவின் அடையாளம் இங்கு நிலைத்தது. எகிப்தியர் அணிந்துவந்த துருக்கித் தொப்பியை இலங்கை முஸ்லிம்கள் தமதாக்கிக் கொண்டிருந்தனர். 1905இல் அதை அணிந்து நீதிமன்றில் தோன்ற சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதருக்கு அனுமதி மறுக்கப்பட்டபோது, சமூகமே மருதானையில் திரண்டு குரல் கொடுத்தது.

இன்று ஒராபியின் பெயரில் மருதானையில் ஒரு வீதி உண்டு. கண்டியில் அவர் வாழ்ந்த வீடு நினைவு நிலையமாக உள்ளது. ஸாஹிரா பற்றிப் பெருமை பேசும் நாம், அதற்கு முன் நடந்ததை மறந்துவிடக் கூடாது. வந்தவரால் தமக்கு என்ன பயன் என்று நம் முன்னோர் கணக்குப் பார்க்கவில்லை. அகதியாகவும் அந்நியராகவும் இன்று நம் தெருவுக்கு வருபவரிடம் நாம் முதலில் கேட்பது என்ன?