உடல் வளர்த்த உறுதி

சுவரை வைத்தே சித்திரம் எழுதுதல் வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. உடல் என்னும் சுவர் உறுதியாக நின்றாலன்றி அறிவு, தொண்டு, புகழ் என்னும் சித்திரங்களை அதன்மேல் தீட்டுதல் இயலாது. இவ்வுண்மையை யாவரும் அறிவர். ஆயினும், இளமையிலேயே நலிந்த உடலைப் பெற்றவர் யாது செய்தல் வேண்டும்? தமக்கு வாய்த்தது இவ்வளவே என்று சோர்ந்திருத்தல் வேண்டுமா? அன்றி, முயன்று அவ்வுடலை உரமுடையதாக ஆக்கிக்கொள்ளுதல் வேண்டுமா? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆவார். இவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 26-ஆம் குடியரசுத் தலைவராக விளங்கியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அப்பதவியை வகித்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இவருக்குத் தூரத்து உறவினர், இவரின் வேறானவர்.

நோயுற்ற இளமை

தியோடர் 1858-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் பெயரும் தியோடர் என்பதே. அவர் செல்வம் மிக்க வணிகர். எளியோர்க்கு இரங்கும் இயல்பினர். தாயார் மார்த்தா அம்மையார். தமக்கை, தம்பி, தங்கை என உடன்பிறந்தார் மூவர் இருந்தனர். அவ்வில்லத்தில் எப்பொருட்கும் குறைவில்லை. குறை எல்லாம் அக்குழந்தையின் உடலில் இருந்தது.

ஆஸ்துமா என்று வழங்கும் மூச்சிழுப்பு நோய் தியோடரைக் குழந்தைப் பருவத்திலேயே பற்றிக்கொண்டது. நள்ளிரவில் நோய் பெருகும்; மூச்சு உள்ளே செல்லாது திணறும். படுத்துறங்க இயலாமையால் தலையணைகளை அடுக்கி அவற்றின்மேல் சாய்ந்தவாறே அச்சிறுவர் இரவைக் கழித்ததும் உண்டு. அக்காலத்தில் இந்நோய்க்குத் தக்க மருந்து இல்லை. கடுங்காப்பியைப் பருகச் செய்தும், சுருட்டுப் புகையை இழுக்கச் செய்தும் பார்த்தனர். இக்காலத்தார் கேட்டால் நகுதற்குரிய மருத்துவம் அது! தந்தையார் மைந்தனைக் கைகளில் ஏந்திக்கொண்டு அறையில் மேலும் கீழும் நெடுநேரம் நடப்பார். சில இரவுகளில் குதிரை வண்டியைப் பூட்டச் செய்து, மைந்தனை அதில் ஏற்றி, நகரத்துத் தெருக்களில் விரைந்து ஓட்டிச் செல்வார். எதிர்க்காற்று நுரையீரலில் புகுந்து சிறிது துன்பம் நீக்கும் அன்றோ!

நோயின் காரணமாகத் தியோடர் ஏனைய சிறுவர்போலப் பள்ளிக்குச் செல்லவில்லை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே கற்றார். உடல் மெலிந்ததே அன்றி உள்ளம் மெலியவில்லை. நூல்களை ஆர்வத்தோடு படித்தார். ஒருநாள் அங்காடியில் இறந்து கிடந்த கடல்நாய் ஒன்றைக் கண்டு வியந்து, அதன் அளவுகளைக் குறித்துக்கொண்டார். பின்னர் அதன் மண்டையோடு அவருக்குக் கிடைத்தது. அதனை முதற்பொருளாகக் கொண்டு, வீட்டிலேயே சிறு காட்சிச்சாலை ஒன்றை அமைத்தார். காட்டிலும் மலையிலும் திரிந்து உயிரினங்களை ஆராய வேண்டும் என்னும் விழைவு அவ்விளம் உள்ளத்தில் வேரூன்றியது. ஆனால், படிகளில் ஏறினாலே மூச்சு வாங்கும் சிறுவர் மலைமீது ஏறுவது எங்ஙனம்?

தந்தையார் காட்டிய வழி

தியோடருக்கு ஏறத்தாழ 12 வயது ஆனபோது தந்தையார் அவரை அழைத்து, உண்மையை ஒளியாது கூறினார். மைந்தனிடம் நல்லறிவு உண்டு என்றும், அதற்குத் துணை நிற்கத்தக்க உடல் இல்லை என்றும், உடலின் துணையின்றி அறிவு நெடுந்தொலைவு செல்லாது என்றும் எடுத்துரைத்தார். உடலை அவனே ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும் என்றும், அது சலிப்பூட்டும் கடுந்தொழில் என்றும் சொன்னார். எனினும், மைந்தன் அதனைச் செய்து முடிப்பான் என்னும் நம்பிக்கையையும் உடன் தெரிவித்தார். தியோடர் நிமிர்ந்து நோக்கி, அவ்வாறே தம் உடலை ஆக்கிக்கொள்வதாக உறுதி கூறினார்.

உறுதி கூறுதல் எளிது. அதனை நாள்தோறும் காத்தலே அரிது. தியோடர் முதலில் நகரத்து உடற்பயிற்சிக் கூடம் ஒன்றிற்குச் சென்று பழகினார். பின்னர்த் தந்தையார் தம் இல்லத்தின் மேற்றளத்துப் பின்தாழ்வாரத்தையே பயிற்சிக் கூடமாக மாற்றி, கம்பிகளும் எடைக் கருவிகளும் அமைத்துத் தந்தார். அங்கே அச்சிறுவர் கம்பிகளைப் பற்றி உடலை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வார். கண்டோர்க்குச் சலிப்புத் தோன்றுமேயன்றிச் செய்வார்க்குச் சலிப்பில்லை. அவர் அவ்வாறு மார்பை அகலச் செய்ய முயன்ற காட்சி, உடனிருந்து கண்ட தங்கை கொரினின் நெஞ்சில் வாழ்நாள் முழுதும் நிலைத்திருந்தது.

இங்கு ஓர் உண்மையைக் கருதுதல் வேண்டும். இன்று விதைத்தது நாளை விளைவதில்லை. உடற்பயிற்சியின் பயனும் அத்தகையதே. நாள்களும் திங்கள்களும் கழிந்தும் மெலிந்த தோள்கள் மெலிந்தே காணப்பட்டன. நோயும் இடையிடையே வந்து வருத்தியது. பயன் கண்ணிற்குப் புலப்படாத அக்காலத்தில் கையைக் கம்பியிலிருந்து நழுவவிடாமல் காத்தது யாது? தன்னால் இயலும் என்னும் நம்பிக்கையே. நம்பிக்கை தானே வலிமை ஆகிவிடாது. ஆனால் வலிமை வந்து சேரும்வரை மனிதனைப் பயிற்சியில் நிறுத்தி வைப்பது அதுவே.

தோல்வி தந்த பாடம்

1872-ஆம் ஆண்டில், தியோடர் 14-ஆம் வயதை நெருங்கியிருந்தபோது, மீண்டும் நோய் கடுமையாக வந்தது. நல்ல காற்றின்பொருட்டு அவரை மெயின் மாநிலத்து மூஸ்ஹெட் ஏரிப் பக்கத்திற்கு அனுப்பினர். வழியில் குதிரை வண்டியில் அவர் வயதினரான சிறுவர் இருவர் உடன் வந்தனர். அவர்கள் தியோடரின் மெலிவைக் கண்டு எள்ளி நகையாடினர், சீண்டித் துன்புறுத்தினர். பொறுக்கலாற்றாத தியோடர் அவர்களை எதிர்த்துப் போரிட முயன்றார். அந்தோ! அவருள் ஒருவனே தியோடரை எளிதில் அடக்கிவிட்டான். அடித்துக் காயப்படுத்த வேண்டிய தேவைகூட அவனுக்கு நேரவில்லை. காயத்தினும் அவ்வெளிமையே தியோடரை மிக வருத்தியது.

ஏறத்தாழ இரண்டாண்டுப் பயிற்சி வீணாயிற்று என்று கருதி அதனைக் கைவிட்டிருந்தால், அவர் பெயரை நாம் அறிந்திருக்கமாட்டோம். அவரோ தோல்வியைத் தம் குறையை அளந்து காட்டிய அளவுகோலாகக் கொண்டார். தந்தையாரின் இசைவு பெற்று, ஜான் லாங் என்னும் பழைய குத்துச்சண்டை வீரரிடம் மாணவராகச் சேர்ந்தார். அவர் விரைவில் தேர்ந்த மாணவரும் அல்லர். கையும் காலும் கருதியவாறு இயங்கவில்லை. பயிற்சியில் சிறிதளவேனும் முன்னேற்றம் தோன்றுதற்கு ஈராண்டுக்கு மேல் ஆயிற்று. இதனை அவரே பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிவின்றி எழுதியுள்ளார். ஒருநாள் ஆசிரியர் தம் மாணவரிடையே நடத்திய போட்டியில் தியோடர் வென்று, வெள்ளீயக் கலவையாலான சிறு குவளை ஒன்றைப் பரிசாகப் பெற்றார். விலை மிகக் குறைந்த அக்குவளையை அவர் பல்லாண்டுகள் பெருஞ்செல்வமாகப் போற்றினார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அன்றோ!

உரம் பெற்ற உடல்

1876-ஆம் ஆண்டில் தியோடர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1878-இல், உடலை ஆக்கும் வழியைக் காட்டிய தந்தையார் காலமானார். பெருந்துயரிடையேயும் தியோடர் பயிற்சியைக் கைவிடவில்லை. 1879-இல் பல்கலைக்கழகக் குத்துச்சண்டைப் போட்டியின் இறுதிச் சுற்றுவரை முன்னேறி, அதில் தோற்றார். வண்டியில் ஒரு சிறுவனை எதிர்க்க இயலாதிருந்தவர் இறுதிச் சுற்றில் நின்றமையே பெருஞ்செயல் எனலாம். 1881-இல் சுவிட்சர்லாந்தின் எல்லையில் 4,478 மீட்டர் உயர்ந்து நிற்கும் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறினார். படியேற மூச்சுத் திணறிய சிறுவர் பனிமலையின் உச்சியில் நின்றார்!

1884-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14-ஆம் நாள் பேரிடி ஒன்று அவர்மேல் விழுந்தது. ஒரே நாளில், ஒரே வீட்டில், அவர்தம் தாயாரும் இளமனைவியும் உயிர் நீத்தனர். மகள் பிறந்து இரண்டு நாள்களே ஆகியிருந்தன. துயரில் ஆழ்ந்த ரூஸ்வெல்ட் குழந்தையைத் தமக்கையிடம் ஒப்படைத்துவிட்டு, மேற்கே டகோட்டாப் பகுதியிலிருந்த தம் மாட்டுப் பண்ணைக்குச் சென்றார். அங்கே வாழ்க்கை கடுமையானது. குளிரிலும் வெயிலிலும் குதிரைமேல் நெடுநேரம் இருந்து மந்தைகளைக் காத்தல் வேண்டும். மூக்குக் கண்ணாடி அணிந்த நகரத்து இளைஞரை அங்குள்ளோர் முதலில் நான்கு கண்ணர் என்று கேலி செய்தனர்.

ஓரிரவு அவர் தங்கச் சென்ற விடுதியில் முரடன் ஒருவன் இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்தி அனைவரையும் அச்சுறுத்திக்கொண்டிருந்தான். அவன் ரூஸ்வெல்ட்டின் கண்ணாடியைப் பழித்து, அவரைத் தனக்குப் பணியுமாறு வற்புறுத்தினான். ரூஸ்வெல்ட் எழுபவர்போல் எழுந்து, விரைவாக மும்முறை குத்தினார், முரடன் வீழ்ந்தான். ஜான் லாங்கிடம் தடுமாறித் தடுமாறிக் கற்ற கலை அன்று உதவிற்று. அதன்பின் எவரும் அவரை எள்ளவில்லை. எளியோரை வருத்தப் பயன்படும் வலிமை இழிந்தது. கொடியோரைத் தடுக்கப் பயன்படும் வலிமையே உயர்ந்தது.

நாட்டுத் தலைமை

ரூஸ்வெல்ட் பின்னர் அரசியலில் படிப்படியாக உயர்ந்தார். 1898-இல் கியூபாவில் நிகழ்ந்த போரில் தன்னார்வக் குதிரைப் படையினர்க்குத் தலைமை தாங்கினார். 1901-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தம் 42-ஆம் வயதில் குடியரசுத் தலைவரானார். அமெரிக்காவில் அத்துணை இளவயதில் அப்பதவியை ஏற்றவர் வேறொருவரும் இலர். தம் ஆட்சியில் காடுகளையும் விலங்குகளையும் காக்கப் பல ஏற்பாடுகளைச் செய்தார். உருசிய, சப்பானியப் போரை முடிவுக்குக் கொண்டுவர உதவியமைக்காக 1906-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார்.

ஆட்சிப் பணியிடையேயும் அவர் பயிற்சியை விடவில்லை. படைத்தலைவர்கள் மூன்று நாள்களில் 90 மைல் குதிரைமேற் செல்ல வல்லவராதல் வேண்டும் என்று அவர் ஆணை பிறப்பித்தார். அது மிகக் கடுமை என்று சிலர் முறையிட்டனர். 50 வயது நிரம்பிய ரூஸ்வெல்ட் வேறு விடை கூறவில்லை. 1909-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13-ஆம் நாள், விடியுமுன் தலைநகரிலிருந்து புறப்பட்டு, வாரன்டன் என்னும் ஊர்வரை சென்று, பனிமழையில் நனைந்தவாறு இரவில் மீண்டார். அன்று ஒரே நாளில் அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 98 மைல். பிறர்க்கு விதித்ததைத் தாமே செய்து காட்டும் தலைவர் சிலரே.

எல்லை அறிதல்

பெரியோரின் நிறைகளைப் போற்றுவதோடு குறைகளையும் அறிதல் நன்று. 1880-இல் மருத்துவர் ஒருவர் அவரைச் சோதித்து, இதயம் வலுவற்றது என்றும், படிகளில் விரைந்து ஏறுதலும் ஆகாது என்றும் எச்சரித்தார். ரூஸ்வெல்ட் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவர் பிழைத்தமை கொண்டு, மருத்துவர் சொல்லைப் புறக்கணித்தல் தகும் என்று எண்ணிவிடலாகாது. தலைவராயிருந்தபோது குத்துச்சண்டையில் பட்ட அடியால் அவர் இடக்கண் பார்வை குன்றி, பின் அறவே மறைந்தது. 1914-இல் பிரேசில் நாட்டுக் காட்டில் முன்னர் அறியப்படாத ஆறு ஒன்றை ஆராயச் சென்றபோது, கால் காயத்தாலும் காய்ச்சலாலும் இறக்கும் நிலை எய்தினார். உடல் எடையில் நாலில் ஒரு பங்கை இழந்தார். அதன்பின் பழைய வலிமை முழுதும் மீளவில்லை. 1919-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள், தம் 60-ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

மூச்சிழுப்பு நோயும் அவரை அடியோடு விட்டு நீங்கவில்லை. வளர்ந்த பின்னும் எப்போதாவது வந்து போயிற்று. நோய் என்பது மனவுறுதியின் குறைவால் வருவதன்று. அதற்கு மருந்தும் மருத்துவரும் வேண்டும். ரூஸ்வெல்ட்டின் உறுதி நோயை அழித்தது என்பதைவிட, நோய் தம் வாழ்வை ஆளவொட்டாமல் தடுத்தது என்பதே பொருந்தும்.

மாணவர்களே! உங்களுள் உடல் மெலிந்தோர் இருக்கலாம். விளையாட்டில் பின்தங்கியோர் இருக்கலாம். அவர்கள் ரூஸ்வெல்ட்டின் பயிற்சித் தாழ்வாரத்தை நினைவிற் கொள்க. அங்கு வியப்பு ஒன்றும் நிகழவில்லை. ஒரு சிறுவர் ஒரே பயிற்சியை நாள்தோறும் செய்தார்; நேற்றுச் செய்ததை இன்றும் செய்தார்; பயன் தெரியாத நாளிலும் செய்தார்; தோற்ற மறுநாளும் செய்தார். உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற பயிற்சியைப் பெரியோரிடம் கேட்டறிந்து இன்றே தொடங்குக. நாளையும் விடாது செய்க. உரம் ஒருநாள் வந்தே தீரும்.