விபுலாநந்த அடிகளாரும் ஆங்கிலக் கல்வியும்

கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே, கடலோரமாய் அமைந்த ஊர் காரைதீவு. இருமருங்கும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள். எங்கும் வழங்கும் மொழி தமிழே. இன்று அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர் அந்நாளில் மட்டக்களப்புப் பகுதியுள் அடங்கியிருந்தது. ஆங்கே 1892ஆம் ஆண்டிற் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றிய மயில்வாகனனாரே பின்னர் விபுலாநந்த அடிகளாராய் விளங்கியவர். அடிகளாரின் முத்தமிழ்ப் புலமையைப் புகழாதார் இலர். அவர் ஆங்கிலத்தைத் தமதாக்கிக்கொண்ட வகையை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அக்காலத்தில் ஆங்கிலம் ஊர்ப்பிள்ளைக்கு எளிதிற் கிட்டும் பொருளன்று. வீட்டிலும் சந்தையிலும் அதன் ஒலி கேளாது. ஏட்டிலேதான் அதனைச் சந்தித்தல் வேண்டும். மயில்வாகனனார் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, பதினாறாம் வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். கொழும்பில் ஆங்கில ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். ஆங்கிலம் வந்ததும் தமிழை மறந்தாரல்லர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராயினார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1924இல் துறவு பூண்டார்.

இனி, நம் மாணவர் கருதத்தக்கதொன்று. வாசித்து விளங்குதற்கென ஓர் ஆங்கிலப் பந்தியைக் கொடுத்தால், வினாவிற் கண்ட சொல்லைப் பந்தியிலே தேடி, அச்சொல் நிற்கும் வாக்கியத்தை அப்படியே பெயர்த்தெழுதுவோர் நம்மிடையே பலர். புள்ளியுங் கிடைத்துவிடுகிறது, பொருள் கிடைத்ததோ என்பது வேறு. அடிகளார் வாசித்த வாசிப்பு அத்தகையதன்று. 1926இல் வெளிவந்த மதங்கசூளாமணி என்னும் நூலிலே, சேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களை எடுத்துக்கொண்டு, கதையைத் தமிழ் நடையிற் சொல்லி, சுவைமிக்க இடங்களைச் செய்யுளாக்கிக் காட்டினார். அக்கவிஞரும் செகசிற்பியார் எனத் தமிழ்ப்பெயர் பூண்டார்! அந்நியப் பெயர்கள் அகன்றபின் எஞ்சி நிற்பது கதையும் அதன் உணர்ச்சியுமே. பிறமொழிக் கதையொன்றைத் தன் சொல்லால் திருப்பிச் சொல்லுதற்கு அதனை முற்றும் விளங்கியிருத்தல் வேண்டும்; பாதி விளங்கியவன் பாதியிலே நின்றுவிடுவான். ஆங்கிலவாணி என்னும் கட்டுரையிலும் ஆங்கிலக் கவிஞரைத் தமிழர்க்கு இவ்வாறே அறிமுகஞ் செய்தார்.

வாசிப்பு முதிர்ந்தபொழுது எழுத்தும் உடன் வந்தது. சென்னையில் இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ்ப் பத்திரிகையையும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கிலப் பத்திரிகையையும் நடத்தினார். பின்னர், 1939 முதல், இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியில் இருந்து பிரபுத்த பாரதத்தின் ஆசிரியராய்ப் பணிபுரிந்தார். உலகெங்கும் வாசிக்கப்பட்ட அவ்வாங்கில மாத இதழைக் காரைதீவிற் பிறந்தார் ஒருவர் நடத்தினார் என்பது சிறு செய்தியன்று.

இவ்வளவு ஆங்கிலம் கைவந்தவர் ஆங்கிலம் அறியாதான் கல்வியற்றவன் எனக் கொள்ளவில்லை. விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பித்தற்குக் கலைச்சொல் வேண்டுமென்று 1936இற் சென்னையிற் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ஆயினும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கதவு அடைபடுதலையும் அவர் விரும்பினாரல்லர். 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். யாழ்நூல் அரங்கேறிய மறுமாதமே, 1947 யூலை 19இல், உலக வாழ்வை நீத்தார். சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடிகளாரின் சமாதி அமைந்துள்ளது.