கற்பனைக் கதைகளுக்குத் திரைவடிவம் தந்த பி. ரம்லி

கோலாலம்பூர் மாநகரின் நடுப்பகுதியில் ஜாலான் பி. ரம்லி என்னும் சாலை உள்ளது. செத்தாப்பாக்கில் அவர் குடும்பத்துடன் வாழ்ந்த வீடு 1986ஆம் ஆண்டு முதல் நினைவகமாக விளங்குகிறது. நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர் எனப் பல துறைகளிலும் சிறந்து விளங்கிய பி. ரம்லியை மலேசியர் நன்கு அறிவர். ஏட்டிலும் வாய்மொழியிலும் வழங்கிவந்த வியப்பூட்டும் கதைகளைத் திரைக்கேற்ப மாற்றியமைத்தது அவர் ஆற்றிய அரும்பணிகளுள் ஒன்றாகும். ஒரு கற்பனைக் கதை எவ்வாறு திரைப்படமாகிறது என்பதை அவரது வாழ்க்கையின்வழி அறியலாம்.

இளமையும் திரையுலக நுழைவும்

பி. ரம்லி 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். அவரது இயற்பெயர் தெக்கு ஜக்காரியா பின் தெக்கு ஞாக் பூத்தே என்பதாகும். தந்தையார் சுமத்ராத் தீவின் அச்சே பகுதியிலிருந்து வந்தவர், கப்பலில் பணியாற்றியவர். பள்ளிப் பருவத்திலேயே ரம்லிக்கு இசையில் ஈடுபாடு மிகுந்திருந்தது. ஜப்பானியர் ஆட்சியால் கல்வி தடைபட்டபோதும் அந்த ஈடுபாடு குறையவில்லை. 1947ஆம் ஆண்டு பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் அவர் முதல் பரிசு பெற்றார்.

அடுத்த ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதை இயக்குநர் பி. எஸ். ராஜான்ஸ் கேட்டார். இந்தியாவிலிருந்து வந்து மலாய்த் திரைப்படங்களை இயக்கிவந்த அவர், ரம்லியைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். 19 வயது இளைஞரான ரம்லி, ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடத்தில் சேர்ந்தார். தொடக்கத்தில் பின்னணி பாடினார். சிறுசிறு வேடங்களில் நடித்தார். 1950ஆம் ஆண்டு எல். கிருஷ்ணன் இயக்கிய பக்தி என்னும் படத்தில் அவருக்கு முதன்முதலாகக் கதாநாயகன் வேடம் கிடைத்தது. சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர் எல். கிருஷ்ணன்.

அக்கால மலாய்ப் படங்கள் பலவற்றை இந்திய இயக்குநர்களே இயக்கினர். இந்தியப் படங்களின் கதைகளே பலமுறை மலாய் உரையாடலுடன் மீண்டும் படமாயின. அந்த இயக்குநர்களிடம் ரம்லி தொழிலைக் கற்றார். அதே வேளையில், இந்த மண்ணின் கதைகளையும் திரையில் சொல்ல வேண்டும் என்ற வேட்கை அவருக்குள் வளர்ந்தது. 1955ஆம் ஆண்டு பெனாரேக் பேச்சா என்னும் படத்தின்வழி அவர் இயக்குநரானார்.

காவியத்திலிருந்து திரைக்கு

1956ஆம் ஆண்டு வெளிவந்த ஹங் துவா வண்ணப்படத்தை வங்காளத்தைச் சேர்ந்த பானி மஜும்தார் இயக்கினார். ரம்லி ஹங் துவாவாக நடித்ததோடு இசையும் அமைத்தார். ஹாங்காங்கில் நடைபெற்ற ஆசியத் திரைப்பட விழாவில் அவ்விசை பரிசு பெற்றது.

ஹிக்காயாட் ஹங் துவா மிக நீண்ட மலாய்க் காவியம். அதன் நாயகன் இந்தியா, சீனா, துருக்கி வரை பயணம் செய்கிறான். தாமிங் சாரி என்னும் கிரிஸ், தன்னை ஏந்துபவரை யாராலும் வெல்ல முடியாதபடி காக்கிறது. இவை அனைத்தையும் இரண்டு மணி நேரப் படத்தில் அடக்க முடியாது. எனவே, மன்னனுக்குக் கட்டுப்பட்ட ஹங் துவாவுக்கும், நண்பனுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டு கொதித்தெழுந்த ஹங் ஜெபாட்டுக்கும் இடையிலான மோதலை நோக்கிப் படம் நகர்ந்தது. வென்ற ஹங் துவா, தான் செய்தது சரியா என்று தன்னையே கேட்டுக்கொள்வதோடு படம் நிறைவுறுகிறது. எதை விடுவது, எதை மையமாக்குவது என்பதே நூலைத் திரைக்குக் கொண்டுவருவோர் முதலில் எடுக்க வேண்டிய முடிவாகும். ரம்லி பின்னர் இயக்கிய படங்களிலும் இத்தகைய தெரிவைக் காணலாம்.

மாயத்தைக் காட்டும் வழி

கதையைப் படிப்பவர் பூதத்தையோ மாயக்குகையையோ தம் மனம்போல் கற்பனை செய்துகொள்வார். திரைப்படமோ ஒரே உருவத்தை எல்லார் கண்முன்னும் நிறுத்த வேண்டும். கணினி வரைகலை இல்லாத அக்காலத்தில் ஒளிப்பதிவாளர்கள் பல உத்திகளைக் கையாண்டனர். படக்கருவியை நிறுத்தி, பொருளை அகற்றிவிட்டு மீண்டும் இயக்கினால், அப்பொருள் திடீரென மறைந்ததுபோல் தோன்றும். ஒரே படச்சுருளில் இருமுறை பதிவு செய்தால், மனித உருவம் நிழல்போல் ஊடுருவித் தெரியும். 1957ஆம் ஆண்டு தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த மாயாபஜார் படத்தில் கடோத்கசனின் வாய்க்குள் உணவு தானே பறந்து செல்லும் காட்சி, அக்கால ஒளிப்பதிவுத் திறனுக்குச் சான்றாகும்.

ரம்லி 1958ஆம் ஆண்டு சும்பா ஓராங் மின்யாக் என்னும் படத்தை இயக்கினார். உடல் முழுதும் எண்ணெய் பூசிய, யார் பிடிக்கும் சிக்காத ஓராங் மின்யாக்கைப் பற்றிய கதைகள் அப்போது மக்களிடையே பரவியிருந்தன. அச்சமூட்டும் உருவத்தை மட்டும் காட்டியிருந்தாலே கூட்டம் கூடியிருக்கும். ஆனால், அந்த உருவம் எவ்வாறு உண்டானது என்பதை ரம்லி சொல்ல முனைந்தார். ஊராரின் ஏளனத்துக்கு ஆளான கூன்முதுகுக் கலைஞன் ஒருவனை அவர் நாயகனாக்கினார். அவன் மாய உலகில் அழகைப் பெறுகிறான். கொடுத்த வாக்கை மீறுகிறான். இறுதியில் தீய சக்தியின் பிடியில் விழுகிறான். படம் பார்த்தவர்கள் அவனைக் கண்டு அஞ்சியதோடு அவனுக்காக இரக்கமும் கொண்டனர். அவ்வாண்டு மணிலாவில் நடைபெற்ற ஆசியத் திரைப்பட விழாவில் இப்படத்தின் ஒளிப்பதிவு பரிசு பெற்றது.

சோதிடன் பாக் பெலாலாங்

1959ஆம் ஆண்டு வெளிவந்த நூஜும் பாக் பெலாலாங், ரம்லியின் நகைச்சுவைப் படங்களுள் சிறந்த ஒன்றாகும். பாக் பெலாலாங் கதை மலாய் மக்களிடையே வாய்மொழியாக வழங்கி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூலாகவும் அச்சேறியது.

பாக் பெலாலாங் ஒரு சோம்பேறி; ஏழை. மகனின் தந்திரத்தால் அவருக்குச் சோதிடர் என்ற பெயர் கிடைக்கிறது. மன்னரின் கருவூலத்தில் திருட்டு நேரும்போது அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. பின்னர், வேற்று நாட்டு மன்னன் விடுகதைகளுடன் வந்து நாட்டையே பந்தயமாக வைக்கிறான். தன் கைக்குள் இருப்பது என்ன என்றும் கேட்கிறான். விடை தெரியாத பாக் பெலாலாங் தம் மகனை நினைத்துப் பெலாலாங் என்று புலம்புகிறார். மலாய்மொழியில் பெலாலாங் என்றால் வெட்டுக்கிளி. மன்னன் கைக்குள் இருந்ததும் வெட்டுக்கிளியே! கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மானியக் கதை ஒன்றிலும் நண்டு என்ற பெயர்கொண்ட உழவன் இவ்வாறே தப்பிக்கிறான். நல்ல கதைக்கு நாட்டின் எல்லை இல்லை என்பதை இவ்வொற்றுமை உணர்த்துகிறது.

இக்கதையில் உண்மையான மாயம் எதுவும் இல்லை. மாயத்தை நம்பும் மனிதர்களே இருக்கின்றனர். ஆகவே, ரம்லி தந்திரக் காட்சிகளை நாடவில்லை. அச்சத்தை மறைக்கத் தடுமாறும் முகம், இடையிடையே வரும் பாட்டு, தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பாசம் ஆகியவற்றைக் கொண்டே கதையை நகர்த்தினார். 1960ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நகைச்சுவைப் படத்திற்கான விருது இதற்குக் கிடைத்தது.

ஒரு கதை, இரு படங்கள்

ஆயிரத்தோர் இரவுகள் தொகுப்பைச் சேர்ந்த அலிபாபாவின் கதை பல மொழிகளில் படமாகியுள்ளது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் டி. ஆர். சுந்தரம் 1956ஆம் ஆண்டு எம். ஜி. ஆரை நாயகனாகக் கொண்டு அலிபாபாவும் 40 திருடர்களும் என்னும் படத்தை எடுத்தார். அது தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகும். ஆடலும் வாள்வீச்சும் வண்ண அரங்குகளும் அதற்கு அழகு சேர்த்தன.

ரம்லியின் அலிபாபா பூஜாங் லாப்போக் 1961ஆம் ஆண்டு கறுப்பு வெள்ளையில் வெளிவந்தது. வீரத்துக்குப் பதிலாக அவர் நகைச்சுவையைத் தேர்ந்தெடுத்தார். நாயகன் வேடத்தை மற்றொருவருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் திருடர் தலைவனாக நடித்தார். அரபு நாட்டுக் கதை மாந்தர் இம்மண்ணின் மக்களைப்போல் பேசினர், சிரிக்க வைத்தனர். ஒரே மூலக்கதை இரு கலைஞர்களின் கையில் இரு வேறு படைப்புகளாக மலர்ந்தது.

கோலாலம்பூரில் இறுதி ஆண்டுகள்

1964ஆம் ஆண்டு ரம்லி தம் மனைவி சலோமாவுடன் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்து, உலு கிள்ளானில் இருந்த மெர்டேகா படப்பிடிப்புக் கூடத்தில் பணியைத் தொடங்கினார். அங்கு அவர் இயக்கிய முதல் படம் சித்தோரா ஹரிமாவ் ஜாடியான். மனிதன் புலியாக உருமாறுவான் என்ற பழைய நம்பிக்கையைக் கருவாகக் கொண்டது அது.

ஆனால், காலம் மாறிக்கொண்டிருந்தது. 1963ஆம் ஆண்டின் இறுதியில் தொலைக்காட்சி அறிமுகமானது. ஹாங்காங், இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் வண்ணப் படங்கள் திரையரங்குகளை நிறைத்தன. உலு கிள்ளானிலோ கருவிகளும் பணமும் குறைவாகவே இருந்தன. குறுகிய காலத்தில், கறுப்பு வெள்ளையிலேயே படங்களை முடிக்க வேண்டியிருந்தது. பார்வையாளர்கள் குறைந்தனர், குறைகூறல்கள் பெருகின. கற்பனை உலகைத் திரையில் படைக்கத் திறமை மட்டும் போதாது, உரிய வசதியும் தேவை என்பதை அவ்வாண்டுகள் காட்டின.

அப்போதும் ரம்லி கதை சொல்வதைக் கைவிடவில்லை. 1972ஆம் ஆண்டு வெளிவந்த லக்சமானா டோ ரே மி அவர் இயக்கிய இறுதிப் படமாகும். மூன்று நண்பர்கள் மாயப் பொருள்களின் துணையோடு ஒரு நாட்டைக் காக்கும் கதை அது. எளிய அரங்குகளும் எளிய தந்திரக் காட்சிகளுமே அதில் உள்ளன. எனினும், அம்மூவரின் நட்பும் நகைச்சுவையும் இன்றும் காண்போரை மகிழ்விக்கின்றன.

1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மாரடைப்பால் பி. ரம்லி காலமானார். அப்போது அவருக்கு வயது 44. வறுமையும் மனச்சோர்வும் அவரது கடைசி நாள்களைச் சூழ்ந்திருந்தன. அவர் 60க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர்; 30க்கும் மேற்பட்ட படங்களை இயக்கியவர். மறைவுக்குப் பின்னர், தொலைக்காட்சி அவரது படங்களை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பியது. அவரை நேரில் கண்டிராத தலைமுறையினரும் அவற்றைக் கண்டு மகிழ்ந்தனர். 1990ஆம் ஆண்டு அவருக்கு டான் ஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் இறுதியாகப் பணியாற்றிய உலு கிள்ளான் வளாகத்தில் பின்னாளில் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் அமைந்தது.

இன்று கணினியின் உதவியால் பறக்கும் நாகத்தையும் கடலடி நகரத்தையும் திரையில் எளிதாகப் படைக்க முடிகிறது. கருவிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. ஆயினும், ஏளனத்துக்கு ஆளானவனின் துயரையும், மகனை நினைத்துப் புலம்பும் தந்தையின் அச்சத்தையும் கண்டறிந்து சொல்ல மனிதரை அறிந்த மனம் வேண்டும். அத்தகைய மனம் பி. ரம்லியிடம் இருந்தது. அதனால்தான் அவரது கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் வாழ்கின்றன.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. நீண்ட கதையைத் திரைப்படமாக்கும்போது ஏன் சில பகுதிகள் விடப்படுகின்றன?
2. அலிபாபாவின் கதையை டி. ஆர். சுந்தரமும் பி. ரம்லியும் கையாண்ட முறைகளை ஒப்பிடுக.
3. நீங்கள் படித்த கற்பனைக் கதை ஒன்றைத் திரைப்படமாக்கினால் எதனை மையமாக்குவீர்? காரணம் கூறுக.