ஆடுகளம் துறந்த ஸ்டட்

விளையாட்டு வீரனுக்குப் போதகர் எதற்கு என்று கேட்பவர் உளர். ஆடக் கற்பிக்க ஒருவர், உடலைப் பேண ஒரு மருத்துவர் போதாதா? 2025 அக்டோபர் 30 அன்று நம் நெருள் டி. ஒய். பாட்டீல் ஆடுகளத்தில், உலகக் கோப்பை அரையிறுதியில், ஜெமிமா ரொட்ரிகஸ் ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டம் முடிந்ததும் இயேசுவுக்கு நன்றி கூறி, அத்தொடரில் தம்மை வாட்டிய மனக்கலக்கத்தைக் கண்ணீரோடு வெளியிட்டார். அத்தகைய கலக்கத்தைச் செவிமடுப்பதற்கென்றே இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் தொழில்முறை அணிகளிடையே போதகர் பலர் ஊதியமின்றித் தொண்டு செய்கின்றனர். ஆட்டக்காரன் காயமுற்றாலும், அணியினின்று நீக்கப்பட்டாலும், அவன் வீட்டில் இழவு விழுந்தாலும் அருகிருப்பது அவர்கள் வேலை. அவ்வேலைக்குப் பெயரே இல்லாத காலத்தில் தம் ஆட்டத் தோழரிடையே அதனைச் செய்தவர் ஒருவர். நம் உதகமண்டலத்திலும் வாழ்ந்தவர். அவர்தாம் சார்ல்ஸ் தாமஸ் ஸ்டட்.

1860 டிசம்பர் 2 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை எட்வர்டு இந்தியாவில் தோட்டம் வைத்துப் பெரும்பொருள் ஈட்டியவர். குதிரைப் பந்தயத்தில் மோகங் கொண்டிருந்தவர். டி. எல். மூடி என்னும் அமெரிக்கப் பிரசங்கியாரின் பேச்சைக் கேட்டபின் பந்தயத்தை அடியோடு விட்டார். மக்களோ கிரிக்கெட்டை விடவில்லை! 1882, 1883, 1884 ஆகிய மூன்றாண்டுகளிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்குத் தலைமை தாங்கியவர்கள் ஸ்டட் உடன்பிறந்தார் மூவரே. நடுவாண்டு சார்ல்ஸினுடையது. 1882, 1883 இரண்டிலும் அவர் ஆயிரம் ஓட்டங்களுக்கு மேல் எடுத்து, நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார்.

1882 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்து வெற்றிபெற 85 ஓட்டங்களே தேவை. அணித்தலைவர் ஹார்ன்பி, எக்காரணத்தாலோ, ஸ்டட்டைப் பத்தாவதாக இறக்கினார். ஒரு பந்தையும் சந்திக்காமல் அவர் நிற்க, எதிர்முனையில் கடைசி விக்கெட் சாய்ந்தது. 7 ஓட்டங்களில் தோல்வி! ஆங்கிலக் கிரிக்கெட் செத்தது, அதன் சாம்பல் ஆஸ்திரேலியா செல்லும் என்று ஒரு பத்திரிகை கேலியாக இரங்கல் எழுதியது. இன்றளவும் நடக்கும் ஆஷஸ் போட்டிகளுக்கு அப்பெயர் வந்தது இவ்வாறே. அந்தச் சாம்பலை மீட்க ஐவோ பிளையின் தலைமையில் சென்ற அணியிலும் ஸ்டட் இருந்தார்.

1883 இறுதியில் அண்ணன் ஜார்ஜ் சாகக்கிடந்தார். இரவுபகலாய்ப் படுக்கையருகே அமர்ந்திருந்த சார்ல்ஸுக்கு, புகழும் பொருளும் இந்த மனிதனுக்கு இப்போது என்ன செய்யும் என்ற வினா எழுந்தது. அண்ணன் பிழைத்தார், வினா போகவில்லை. இளமையிலேயே ஏற்றிருந்த விசுவாசம் இப்போதுதான் சூடு பிடித்தது. லண்டனில் மூடி நடத்திய கூட்டங்களுக்குத் தம் ஆட்டத் தோழர்களை ஒவ்வொருவராக அழைத்துச் சென்றார். ஐவோ பிளை, ஸ்டீல், வெப் ஆகியோர் அவருடன் சென்றவர்கள். அணியில் யாரும் அவரை இதற்கென நியமிக்கவில்லை, கேட்கவுமில்லை. என் மனத்துக்கு அவர் வாழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அணியோடு இருந்தே அதனைத் தொடர்ந்திருக்கலாகாதா? ஸ்டட் அரைகுறையாக எதையும் செய்பவரல்லர். 1885 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் எழுவருள் ஒருவராகச் சீனாவுக்குக் கப்பலேறினார். 1887 ஜனவரியில் தம் பங்குச் சொத்திலிருந்து ஐயாயிரம் ஐயாயிரம் பவுனாக வாரி வழங்கினார். அவற்றுள் ஒரு பகுதி இந்தியாவில் சால்வேஷன் ஆர்மி நடத்திய பணிக்கு வந்தது. எஞ்சிய 3,400 பவுனை மணப்பெண் பிரிசில்லாவிடம் கொடுக்க, அந்த அம்மையார் அதையும் கொடுத்துவிடச் செய்தார். நல்ல பொருத்தம்!

நிற்க. ஆஸ்துமாவால் நலிந்த உடலோடு 1900-இல் அவர் உதகமண்டலத்து யூனியன் சர்ச்சின் போதகராக வந்தார். கோடைதோறும் சென்னை மாகாண அரசே மலையேறி வந்து தங்கிய காலம் அது. துரைமார், தோட்டக்காரர், படைவீரர் ஆகியோரே அவர் சபை. அங்கே மீண்டும் மட்டையைப் பிடித்தார். பிரசங்கத்துக்கு வராத சிப்பாய், பழைய இங்கிலாந்து வீரர் ஆடுகிறார் என்றால் வருவானல்லவா? துறந்த ஆட்டமே மனிதரை நெருங்கும் வழியாயிற்று. 1906-இல் இங்கிலாந்து திரும்பினார்.

அதோடு நின்றிருந்தால் குடும்பம் மகிழ்ந்திருக்கும். 1913-இல், ஐம்பது கடந்த வயதில், நெஞ்சு நோயால் வருந்திய மனைவியை விட்டுவிட்டுக் காங்கோக் காட்டுக்குப் புறப்பட்டார். இடையில் ஒருமுறை வந்தவர் 1916-இல் மீண்டும் சென்றார். அதன்பின் தாய்நாட்டை மிதிக்கவேயில்லை. 1928-இல் பிரிசில்லா காங்கோ சென்று சில நாட்கள் உடனிருந்தார். மறு ஆண்டே இறந்தார். பொருளைத் துறந்தது அவர் உரிமை. மனைவியின் முதுமையைத் துறக்க அவருக்கு உரிமை யார் தந்தது? இதனை என்னால் மெச்ச முடியவில்லை. உடன்பணியாளரிடமும் அவர் கடுமை மிகுந்தது. நோய்க்கு மார்பியா உட்கொண்டதும் சர்ச்சையாயிற்று. தாயகத்துக் குழுவோடு பிணக்கு முற்றியது. தோழனின் கலக்கத்தைக் கேட்ட அந்த இளைஞரை இந்த முதியவரிடம் தேடவேண்டியிருக்கிறது.

ஆயினும் காங்கோ மக்கள் அவரை விடவில்லை. 1931 ஜூலை 16 அன்று இபாம்பி என்னும் ஊரில் எழுபதாம் வயதில் அவர் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தனர்.